மழை ஊருக்கு, நீர் யாருக்கு? பல்லடம் பகுதியில் ஒரு துணைவிதி வரைவை முன்வைத்து

பல்லடம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அருந்ததியர் இளைஞர்கள் சிலர் அண்மையில் எங்களிடம் ஏழு பக்கத் தட்டச்சுப் படியொன்றைக் கொடுத்தனர். அவர்கள் ஊரில் தொடங்கப்படவிருக்கும் நீர்வடிப்பகுதிச் சங்கத்தின் துணைவிதி வரைவு அது. "இதுல நாங்க எங்க இருக்கறோம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கண்ணா" என்பதே அவர்கள் கேட்டது.

பார்த்தோம். மூன்று இடங்களில் இருந்தார்கள். முன்னுரையில் "ஊர்ப் பொதுமக்கள் அனைவரும்" என்ற சொற்களுக்குள் இருந்தார்கள். நிர்வாகக் குழு பற்றிய விதியில் "காலனிப் பிரதிநிதி ஒருவர்" என்று இருந்தார்கள். உழைப்புப் பங்களிப்பு பற்றிய விதியில், நிலமற்ற குடும்பங்கள் ரொக்கத்துக்கு மாற்றாக உடலுழைப்பு வழங்க வேண்டும் என்ற வரியில் இருந்தார்கள். உறுப்பினர் யார் என்று வரையறுக்கும் நான்காம் விதியில் மட்டும் இல்லை. "நீர்வடிப்பகுதி எல்லைக்குள் பட்டா நிலம் உடையவர்" என்பதே அங்கு உறுப்பினருக்கான தகுதி. (அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். தட்டச்சு செய்தவருக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்.)

இவ்வரைவை எழுதியவர்கள் தீய எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாம் கருதவில்லை. முன்பு எங்கோ பயன்பட்ட ஒரு படிவத்தைப் பார்த்து எழுதியிருக்கக்கூடும். சாதி இந்நாட்டில் பெரும்பாலும் அவ்வாறே ஆவணமேறுகிறது. பழைய படிவத்தை எவரும் கேள்வி கேட்பதில்லை. நிலம் உடையவரே நீருக்கு உரியவர் என்ற எண்ணம் அப்படிவத்தின் முதல் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது.

பொதுப்பணம் எந்தக் கிணற்றில் இறங்குகிறது

பல்லடம் மேட்டுநிலம். கடினப் பாறை மீது மெல்லிய மண். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் ஆயக்கட்டுக்கு மண்டல முறையில் வந்து போகும். எஞ்சிய நாட்களில் தோட்டங்களுக்கு ஆதாரம் கிணறும் ஆழ்குழாயும்தான். கறிக்கோழிப் பண்ணைகளும் விசைத்தறிக் கூடங்களும் பெருகிய பிறகு நிலத்தடி நீர் மீதான சுமை மேலும் கூடியது. மிகைநுகர்வுக்கு உள்ளான பகுதி என்று நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புகள் சொல்வதை, அங்கு வாழ்பவர்கள் ஆழ்குழாய்களின் ஆழத்தைக் கொண்டே அறிவார்கள்.

இத்தகைய நிலத்தில் நீர்வடிப்பகுதிப் பணி என்றால் என்ன? ஓடையின் குறுக்கே தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, தோட்டங்களில் மண்வரப்பு, பண்ணைக்குட்டை. இவை மழைநீரைத் தரைக்கு மேல் தேக்கி வைத்து எல்லோருக்கும் பகிர்ந்தளிப்பவை அல்ல. நீரைத் தரைக்குள் இறக்குபவை. பாறை வெடிப்புகளின் வழியே இறங்கும் நீர் அணைக்குக் கீழே சில நூறு மீட்டருக்குள் இருக்கும் கிணறுகளில் ஊறும். அங்கு ஊறிய பிறகு அது யாருடையது? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதல் இன்றுவரை, தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கே உரியதாகக் கருதப்படுகிறது. இதனை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. நீரை இறைப்பதற்கான மின்சாரமும் வேளாண் மோட்டார்களுக்குக் கட்டணமற்றது.

ஆகவே கணக்கு எளியது. ஊரின் பொது ஓடையில், ஊரின் பொதுநிலத்தில், மக்கள் வரிப்பணத்தில் தடுப்பணை எழுகிறது. அதன் பயன் கிணறு உடையவரின் தோட்டத்தில் தென்னையாக, மஞ்சளாக, சில வேளை லாரியில் விலைக்குப் போகும் நீராக முளைக்கிறது. கிணறு இல்லாதவருக்குக் கிடைப்பது கட்டுமானக் காலத்துக் கூலி. அதன் பிறகு தோட்ட வேலை சில நாட்கள் கூடலாம் என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பும் சொட்டுநீர்க் குழாயும் இயந்திரங்களும் வந்த பிறகு சுருங்கிவிட்டது.

இந்தப் பணம் சிறியதன்று. பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் கீழ் வரும் இரண்டாம் கட்ட நீர்வடிப்பகுதித் திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 22,000 ரூபாய் என்பது செலவு அளவு. 2008இன் பொது வழிகாட்டு நெறிமுறைகளில் இந்த அளவு 12,000 ரூபாயாக இருந்தது. அதில் பாதி நிலமும் நீரும் சார்ந்த பணிகளுக்கு, 10 விழுக்காடு சொத்தில்லாதோரின் வாழ்வாதாரத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2011இல் திருத்தியபோது பணிகளுக்கான பங்கு 56 ஆக உயர்ந்தது, சொத்தில்லாதோரின் பங்கு 9 ஆகக் குறைந்தது. ஒரு விழுக்காடுதானே என்று கடந்துவிடலாம். எந்தப் பக்கம் கூட்டினார்கள், எந்தப் பக்கம் கழித்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நில உடைமையாளரே மக்கள் என்ற பழக்கம்

கொங்கு வட்டாரத்தில் இது புதிதன்று. 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன முறை மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த பாசன சபைகளில் வாக்குரிமை ஆயக்கட்டு நில உடைமையாளர்களுக்கு உரியது. வாய்க்காலில் தூர் அள்ளுபவருக்கும், மடை திருப்பி இரவெல்லாம் நீர் பாய்ச்சுபவருக்கும் அச்சபையில் குரல் இல்லை. பின்னர் 2017இல் குடிமராமத்துத் திட்டம் வந்தபோது, ஒப்பந்தப்புள்ளி இன்றிப் பணிகளை ஏற்கும் உரிமை ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கே போனது.

நொய்யலின் வரலாறு இன்னும் துலக்கமானது. திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றையும் கிணறுகளையும் அழித்ததற்கு எதிராக ஆயக்கட்டுதாரர் சங்கம் நடத்திய வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது. 2009இல் உச்ச நீதிமன்றமும், 2011 ஜனவரியில் ஆலைகளை மூட உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றமும் பிறப்பித்த ஆணைகளின் பின்னால் அந்த விவசாயிகளின் நெடிய போராட்டம் இருக்கிறது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இழப்பீட்டைக் கவனியுங்கள். சூழலிழப்பு ஆணையம் 2004இல் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. பாதிப்பு நிலப்பரப்பைக் கொண்டு அளக்கப்பட்டது. அந்நிலங்களில் வேலை இழந்த கூலித் தொழிலாளருக்கு, ஆற்றோரத்தில் ஆடு மேய்த்தவருக்கு, கெட்டுப்போன நீரையே குடித்த சேரிகளுக்கு ஹெக்டேர் கணக்கு இல்லை. எனவே இழப்பும் இல்லை என்றாகிவிட்டது.

நான்காம் விதியைப் படித்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது இதுதான். உறுப்பினர் பட்டியலில் இடம்பெறாதவர், நாளை பயன் வந்தாலும் இழப்பு வந்தாலும் எந்தப் பட்டியலிலும் இடம்பெற மாட்டார்.

இலவச உழைப்பு என்ற விதி

வரைவில் எங்களை மிகவும் உறுத்தியது உழைப்புப் பங்களிப்பு விதி. நீர்வடிப்பகுதித் திட்டங்களில் பயனாளிகளின் பங்களிப்பு என்பது நெடுநாள் ஏற்பாடு. 2008 நெறிமுறைகளின்படி, தனியார் நிலத்தில் நடக்கும் பணிக்கு அந்த நில உடைமையாளர் செலவில் 10 விழுக்காடு தர வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு குறு விவசாயிகள் என்றால் 5 விழுக்காடு. யாருடைய நிலம் பயன்பெறுகிறதோ அவரே பங்களிக்க வேண்டும் என்பது இதன் பொருள். நிலமற்றவர் எதற்காகப் பங்களிக்க வேண்டும்? எவருடைய வரப்புக்கு?

இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. குடிமராமத்து என்ற சொல்லை இன்று ஊர்கூடித் தேர் இழுப்பதுபோன்ற இனிய படிமமாகப் பயன்படுத்துகிறார்கள். சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடைப்புக் காலங்களில் "உழைக்கும் வகுப்பைச்" சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்கவும், வழமையான மராமத்து உழைப்பைச் சட்டத்தின் துணையோடு பெறவும் வழிசெய்தது. எந்த வகுப்பு மண்வெட்டியோடு அழைக்கப்பட்டது என்பதை விளக்கத் தேவையில்லை. கொங்கில் மாதாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த இடத்தில், "நிலமற்ற குடும்பங்கள் உடலுழைப்பு வழங்க வேண்டும்" என்ற வரி பங்கேற்பு ஆகாது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் எதை நீக்க வந்தனவோ, அதன் சாயல் அவ்வரியில் இருக்கிறது. மகாராட்டிரத்தில் நடந்த இந்திய–ஜெர்மன் நீர்வடிப்பகுதித் திட்டம் உழைப்புக் கொடையைக் கட்டாயமாக்கியபோதும், நிலமற்ற குடும்பங்களுக்கும் ஒற்றைப் பெற்றோர் ஏழைக் குடும்பங்களுக்கும் விலக்கு அளித்தது. அந்த விலக்கை இங்கே எழுத ஒரே ஒரு வரி போதும்.

மேய்ச்சல் தடையும் இதே வகைதான். குட்டைக் கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் மூன்று ஆண்டுகளுக்கு மேய்ச்சல் கூடாது என்கிறது வரைவு. செடி முளைக்க அது தேவை என்பதை ஏற்கிறோம். ஆனால் கொங்கின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி கிளுவை வேலி அடைத்த தனியார் காடு. காடுடையவரின் மாடு வேலிக்குள் மேயும். நான்கு வெள்ளாடு வைத்திருக்கும் அருந்ததியப் பெண்ணுக்கு இருப்பது அந்தப் புறம்போக்குத் துண்டு மட்டுமே. தடை எல்லோருக்கும் பொதுவானது என்று எழுதப்பட்டிருக்கிறது. தடுக்கப்படுபவர் அவர் ஒருவரே.

வேறு விதமாக எழுதிய ஊர்கள்

நிலமற்றவருக்கு நீரில் பங்கு என்பது நடவாத கனவு என்பார்கள். நடந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு புணே மாவட்டம் புரந்தர் வட்டத்து நைகாவில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பாணி பஞ்சாயத்து, நீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்தது. ஒருவரிடம் எவ்வளவு நிலம் இருந்தாலும், தலைக்கு அரை ஏக்கர் நனையும் அளவு நீர். ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு இரண்டரை ஏக்கர். கரும்புக்கு நீர் இல்லை. நிலம் விற்றால் நீர் உரிமை கூடவே போகாது. நிலமற்றவருக்கும் பங்கு உண்டு. இந்தக் கடைசி விதியின் பயனை நடைமுறையில் சிந்திக்க வேண்டும். நீர்ப் பங்கு கையில் உள்ள நிலமற்ற குடும்பம் குத்தகைக்கோ வாரத்துக்கோ நிலம் கேட்கும்போது வெறுங்கையோடு கேட்பதில்லை. நீர் இல்லாத நிலமும் நிலம் இல்லாத நீரும் பேரம் பேசும்போது இருவரும் ஒரு படிக்கட்டில் நிற்கிறார்கள்.

அரியானாவின் சுகோமஜ்ரியும் புகழ்பெற்றது. சண்டிகர் சுக்னா ஏரியில் வண்டல் படிவதைத் தடுக்க, 1970களில் மண்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தின் பி. ஆர். மிஸ்ரா அங்கே மேட்டில் சிறு அணைகளைக் கட்டினார். மேய்ச்சலைக் கட்டுப்படுத்தினால்தான் அணை தூராமல் இருக்கும். நீரில் பங்கு இல்லாதவர் ஏன் தம் ஆட்டைக் கட்டிப்போட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. விடையாக ஒவ்வொரு வீட்டுக்கும் சம பங்கு என்று தீர்மானித்தார்கள். தம் பங்கு தேவைப்படாதவர் அதை மற்றவருக்குக் கொடுத்துப் பயன்பெறலாம். அங்கு கருணை இதைச் செய்யவில்லை. அணையைக் காக்க வேண்டிய தேவை செய்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுகோமஜ்ரியில் குஜ்ஜர் சமூகத்தவரே பெரும்பான்மை. ஒரே சாதியினர் பங்கிட்டுக்கொள்வது எளிது. கவுண்டர் தோட்டங்களும் அருந்ததியர் குடியிருப்பும் ஓடையின் இரு கரைகளில் இருக்கும் ஊரில் அதே விதி தானாக வேரூன்றாது. நைகாவிலும் நீர் ஏரியிலிருந்தோ அணையிலிருந்தோ பொது மோட்டாரால் ஏற்றப்பட்டது. பல்லடத்தில் நீர் தனியார் கிணற்றில் ஊறுகிறது. ஆகவே அப்படியே பெயர்த்து நட முடியாது. ஆனால் பெயர்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 2008 நெறிமுறைகள், பயனாளர் குழுக்களிடையே சமத்துவத்தின் அடிப்படையில் வளப் பயன்பாட்டு ஒப்பந்தம் போடப்பட வேண்டும், பணி தொடங்குவதற்கு முன்பே அது முடிய வேண்டும், அதுவே பணிக்கு முன்நிபந்தனை என்று கூறின. தடுப்பணை எழுந்தபின் எந்தக் கிணற்றுக்காரரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய தேவையில்லை. எழும் முன் இருக்கிறது. எங்கள் ஊர்ப்புறங்களில் இந்த முன்நிபந்தனையைப் பற்றி எவரும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

எதை எழுத வேண்டும்

அந்த இளைஞர்களிடம் நாங்கள் கூறியவற்றில் சில.

நான்காம் விதியில் "பட்டா நிலம் உடையவர்" என்பது போக வேண்டும். நீர்வடிப்பகுதிக்குள் குடியிருக்கும் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் உறுப்பினர் என்று வர வேண்டும். குடும்பத்துக்கு ஒருவர் என்று எழுதினால் அந்த ஒருவர் ஆணாகவே இருப்பார். "காலனிப் பிரதிநிதி ஒருவர்" என்பதும் போதாது. பொது நெறிமுறைகளே, குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவில் பாதிப் பேர் சுயஉதவிக் குழு, பயனாளர் குழு, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், பெண்கள், நிலமற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் இந்தப் பாதியில் ஒரு பொறி இருக்கிறது. பயனாளர் குழு என்பதே நிலமுடையோர் குழு. அதன் வழியாக வந்தவரைக் கொண்டே பாதியை நிரப்பிவிடலாம். எனவே இத்தனை பேர் நிலமற்ற பட்டியல் சாதிக் குடும்பங்களிலிருந்து, அவர்களில் பாதிப் பேர் பெண்கள், அவர்களை அக்குடியிருப்பு மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும்.

கூட்டம் எங்கே நடக்கும் என்பது துணைவிதியில் எழுதப்பட வேண்டிய செய்தியா என்று ஒருவர் கேட்டார். கட்டாயம். கோயில் மண்டபத்தில் கூட்டம் என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்பது முன்பே முடிவாகிவிட்டது. பள்ளிக்கூடம் அல்லது ஊராட்சி அலுவலகம் என்று எழுதுங்கள். இரண்டு கூட்டத்துக்கு ஒன்று உங்கள் குடியிருப்பில் என்றும் எழுதுங்கள். கோரம் எண்ணும்போது, நிலமற்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது இல்லாத கூட்டம் செல்லாது என்று சேருங்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் இருவரில் ஒருவர் அவர்களிலிருந்து வர வேண்டும். அவர் பெயரில் இருக்கும் காசோலைப் புத்தகம் வேறொருவர் வீட்டில் இருக்கக் கூடாது.

நீரைப் பொறுத்தவரை, தடுப்பணைக்கு அருகில் புதிய ஆழ்குழாய் இல்லை என்பதும், பயன்பெறும் கிணற்றுக்காரர்கள் ஆண்டுதோறும் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துவார்கள், அதில் ஒரு குறித்த பங்கு நிலமற்றோர் குழுவுக்குச் செல்லும் என்பதும் ஒப்பந்தமாக வேண்டும். சங்கத்தால் தனியார் கிணற்றைப் பூட்ட இயலாது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்க இயலும். குட்டையின் மீன் குத்தகை, கரை மரங்களின் மகசூல், புறம்போக்கின் புல் ஆகியவை ஏலம் இன்றி நிலமற்றோர் குழுவுக்கே உரியவை என்று எழுதுங்கள். ஏலம் என்று வந்தால் பணம் உள்ளவர் எடுப்பார். பொதுநிலங்களைக் காக்க 2011 ஜனவரி 28 அன்று வழங்கிய ஜக்பால் சிங் தீர்ப்பில்கூட, நிலமற்ற உழைப்பாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு வழங்கிய குத்தகைகளை உச்ச நீதிமன்றம் விதிவிலக்காகவே குறித்தது.

இவற்றை எதிர்ப்பவர்கள் அனைவரும் பெருந்தோட்டக்காரர்கள் அல்லர். ஆயிரம் அடி தோண்டி நீர் காணாத, மகனை பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் கடனில் நிற்கும் சிறு விவசாயியும் அங்கே இருக்கிறார். கட்டணம் என்றால் அவருக்குச் சினம் வரும். இரண்டு ஏக்கருக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டண விலக்கு அளிக்கலாம் என்று இளைஞர்களே முன்மொழிந்தனர். அவர்கள் எங்களைவிட ஊரை அறிந்தவர்கள்.

தாளில் எழுதினால் மட்டும் என்ன ஆகும் என்ற ஐயம் எங்களுக்கும் உண்டு. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. மகாட் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. ஆனால் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரோடு நடந்து சென்று சவதார் குளத்து நீரை அள்ளும் வரை அத்தீர்மானம் தாளாகவே இருந்தது. உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதிசெய்ய 1937 ஆயிற்று. சென்னை மாகாணத்திலும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் அரசாணையானது. பொதுக் கிணறுகள் அந்த ஆணையால் மட்டும் திறந்துவிடவில்லை. ஆயினும் நடந்து சென்றவர்களின் கையில் ஒரு தீர்மானம் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. வழக்கு நின்றது அதன் மீதுதான்.

துணைவிதியில் இது இன்னும் கூர்மையானது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான பிறகு துணைவிதியைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். நான்காம் விதி இன்றுள்ளபடி பதிவாகிவிட்டால், உறுப்பினரே ஆகாத மக்கள் அதைத் திருத்த வழியே இல்லை. மாறாக, அனைவரும் உறுப்பினர் என்று பதிவாகிவிட்டால், வந்திருப்போரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒன்றாக நிற்கும் ஒரு குடியிருப்பு, தன் உரிமையை எவரும் பின்னர் நீக்கிவிடாமல் தடுக்க முடியும். ஒரே பூட்டுதான். முதலில் உள்ளே இருப்பது யார் என்பதே வேறுபாடு.

எனவே காலம் பதிவுக்கு முன்புதான். ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்ட கிராம சபைகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டமும் ஒன்று. வரைவை அச்சபையில் முழுமையாக வாசித்து, விதி விதியாக ஒப்புதல் பெற வேண்டும் என்று கேட்டு, ஊராட்சிக்கு மனு அளிக்க அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். வாசிக்கப்பட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்து நகல் பெறுவதும் அம்மனுவில் இருக்கிறது.

சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். வரைவின் கடைசிப் பக்கத்தில் ஏழு பெயர்களுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். ஐந்து பெயர்கள் எழுதப்பட்டுவிட்டன. ஐந்தும் ஓடைக்கு வடகரையில் தோட்டம் உள்ளவர்கள், ஐவரும் ஆண்கள். எஞ்சிய இரண்டு கோடுகளில் யார் பெயரைக் கேட்பது என்று அன்று மாலை அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நால்வர் தங்கள் தாயாரின் பெயரைச் சொன்னார்கள்.